லைன் போகிற இடத்தில் இறக்கிவிடுங்கள்

மலாய் நாட்டுக் கேமரன் மலைக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் அந்தக் குளிரைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அங்கே இருந்த நான்கு நாளும் வயிறு எரிந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். காரணம் தாஸ் என்கிற ஆரோக்கியதாஸ்.

போன வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் மின்கம்பி செய்யும் ஆலை ஒன்றில் நான் இஞ்சினியர். தொழிலில் அதைக் கண்டக்டர் என்போம். வீட்டில் அப்படிச் சொன்னால் வந்த விருந்தாளி எந்த ரூட் பஸ் என்று கேட்கிறார், ஆகவே இங்கே கம்பி என்றே வைத்துக்கொள்வோம். கோபுரத்துக்குக் கோபுரம் வயல்வெளியில் தொங்கிக்கொண்டு போகிறதே, அந்தக் கம்பி. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்களின் தலைக்கு மேலே போகிற பழைய வழித்தடம் ஒன்றில் கம்பியை மட்டும் மாற்றப் போகிறார்கள். காய்கறிப் பண்ணைகளும் ஓட்டல்களும் பெருகிவிட்டன, இருக்கிற கம்பி தாங்கவில்லை. எங்கள் ஆலையின் அலுமினியக் கலவைக் கம்பியும் பரிசீலனையில் இருந்தது. இடத்தைப் பார்த்து, எங்கள் கம்பியே போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரும்படி என்னை அனுப்பி வைத்தார்கள்.

தாஸ் அந்தத் திட்டத்தின் ஆலோசகர். எங்கள் கம்பி போதாது என்று முன்பே சொன்னவர். அவர் கேட்டது வேறு ஒன்று: நடுவில் கார்பன் இழையால் ஆன தண்டு, சுற்றிலும் அலுமினியம். எங்கள் ஆலையில் அது கிடையாது. ஆறு மாதமாக மின்னஞ்சலில் சண்டை போட்டோம். நான் காரமாக எழுதுவேன், அவர் ‘அன்புடன்’ என்று முடிப்பார்.

முதல் நாள் மலை ஏறும்போதே தோற்றுவிட்டேன். வளைவுக்கு மேல் வளைவு. பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, வயிற்றில் இருந்ததை எல்லாம் ஒரு மூங்கில் புதருக்குக் கொடுத்தேன். தாஸ் தண்ணீர் பாட்டிலையும், புளிப்பும் உப்புமாகச் சுருங்கிக் கிடந்த உலர்ந்த பழம் ஒன்றையும் நீட்டினார். வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் தலைசுற்றல் நின்றது. நிற்காமல் இருந்திருந்தால் கொஞ்சம் திருப்தியாக இருந்திருக்கும்.

தேயிலை தெரிய ஆரம்பித்ததும் எனக்கு ஊர்ப் பொறாமையும் வந்து சேர்ந்தது. நீலகிரியும் வால்பாறையும் என் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். அந்தப் பச்சைக்கு மிஞ்சியது கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இங்கே மலை மலையாகச் சீவி விட்டிருந்தார்கள், சாலை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர்கூடக் கண்ணில் படவில்லை. எதிர்ச் சரிவில் ஒரு காய்கறிப் பண்ணைக்காக மலையை வழித்ததில் செம்மண் தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது.

நாங்கள் தங்கிய ஊர் பிரிஞ்சாங், அங்கே விடுதிக்கார அம்மாள் சீனர். தாஸிடம் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டுச் சிரித்தார். என்ன கேட்கிறார் என்றேன். “நீங்க எனக்கு அண்ணனான்னு கேக்கிறாங்க சார்” என்றார் தாஸ். விசாரித்தால் இருவரும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். அவருக்குத் தலை நிறைய முடி. நாலு மொழி பேசுகிறார். மலாயும் ஆங்கிலமுமாகக் கலந்து அடித்துக்கொண்டே வந்தவர், திடீரென்று “என் கைப்பேசியப் பாத்தீங்களா?” என்கிறார். செல் செல் என்றே வாழ்நாளைக் கழித்தவனுக்கு அதுவும் குத்தியது.

சாயங்காலம் அவருடைய அலுவலகத்தில் பழைய கம்பியின் வெட்டிய துண்டு ஒன்றைக் காட்டினார். வெளியே அலுமினியம் மங்கலாக இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் வலுவுக்காக வைத்த எஃகு இழைகள் துருப்பிடித்துப் பொடிந்திருந்தன. மூடுபனியின் வேலை. நான் விடவில்லை. எங்கள் கம்பியில் எஃகே கிடையாது, துருப்பிடிக்க ஒன்றும் இல்லை, தூத்துக்குடி உப்புக் காற்றிலேயே நிற்கிறது என்றேன். தாஸ் ஒத்துக்கொண்டார். “துரு பிரச்சன இல்ல சார். சூடுதான்” என்றார்.

அவர் சொன்னது சரி, அதுதான் எரிச்சல். மின்சாரம் கூடினால் கம்பி சூடாகும், சூடானால் நீளும், நீண்டால் ஈரப் புடவை போட்ட கொடியைப் போலத் தொய்யும். எங்கள் கம்பி அதிகமாகவே தொய்யும். கார்பன் தண்டு சூட்டுக்கு அசையாது. தோட்டத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே நீண்ட இடைவெளி. அங்கே எங்கள் கம்பி தரைக்கு மிக அருகில் வந்துவிடும். என் பையில் அதற்கும் விடை இருந்தது. நடுவில் கூடுதலாக ஒரு கோபுரம். வரைபடத்தில் அதற்குத் தோதான சமதளம் ஒன்று இருந்தது, பக்கத்தில் ‘காலி நிலம்’ என்று எழுதியிருந்தது. கூடுதல் கோபுரம் போட்டாலும் எங்கள் கம்பிதான் மலிவு.

மறுநாள் தாஸுக்குக் கோலா தெர்லாவில் பண்ணைக்காரர்களோடு ஒரு கூட்டம். மதியம் வந்து கூட்டிப் போகிறேன், அதுவரை ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்றார். அவர் கூட வந்தால் அவருடைய கண்ணால்தான் பார்க்க வேண்டியிருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தேன். திரிங்காப் பக்கமிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரி ஒன்று, முருகன் படம் ஒட்டிய கண்ணாடியோடு நின்றது. ஓட்டுநர் முனியாண்டி என்னைவிட இளையவர்.

“லைன் போற இடத்துல இறக்கிவிட முடியுமாங்க?” என்றேன்.

“எந்தத் தோட்டத்து லைனுண்ணே?”

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

“மேல் லைனா, கீழ் லைனா?”

இந்த ஊர் லாரி ஓட்டுநருக்கு உயரழுத்தம் தாழ்வழுத்தம் எல்லாம் தெரிந்திருக்கிறதே என்று அதற்கும் ஒரு பொறாமைப்பட்டேன். உயரழுத்தம்தான் மேல் லைன். “மேல் லைன்” என்றேன்.

“ஏறுங்க லா” என்றார், அந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு லா சேர்த்து.

முக்கால் மணி நேரம் முட்டைக்கோஸ் வாசனையில் போனேன். இறக்கிவிட்ட இடத்தில் தகரக் கூரை போட்ட வீடுகள் ஒரே வரிசையாக நின்றன. எண்ணினேன், பதினொன்று. வாசலுக்கு வாசல் பூந்தொட்டி. ஒரு வீட்டு நிலையில் மாதா படம், அடுத்த வீட்டில் மாவிலைத் தோரணம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை எழுத்தில் லயம் என்பார்களாம், பேச்சில் லைன். எங்கள் பக்கத்து மலைகளிலும் இந்தச் சொல் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். தேயிலையைக் கோப்பையில் மட்டும் பார்த்து வளர்ந்தவன் நான், அப்போது உறைக்கவில்லை. லாரிக்காரர் ஏதோ கேட்டு எங்கோ விட்டுவிட்டார் என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தால், சரியான இடம்தான். கம்பிகள் நேராக அந்தக் கூரைகளின் மேலே போய்க்கொண்டிருந்தன. வரைபடத்தில் ‘காலி நிலம்’ என்றிருந்தது இதைத்தான்.

கடைசி வீட்டு வாசலில் பிலோமினா அக்கா ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், தேயிலை நாற்றங்காலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் பரோட்டாவின் தம்பிதான் அந்த ரொட்டி, ஆனால் மெல்லியது, பல்லுக்கு வேலை வைக்காதது. பருப்புக் குழம்பில் தோய்த்து இரண்டு தின்றேன். எங்கள் காந்திபுரத்துப் பரோட்டாவுக்கு நான் செய்த துரோகத்தை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஊரிலிருந்து வந்தவரா, என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டார். ஊர் என்றால் அங்கே இந்தியா.

“இந்த லைன் ரொம்பப் பழசாயிடுச்சுக்கா. எடுத்துட்டுப் புதுசா போடப் போறோம்” என்றேன்.

மாவு பிசைந்த கை நின்றது. “எப்ப சார்?”

“அடுத்த வருசம்.”

“அப்ப நாங்க என்னா செய்யறது?”

மின்தடையைப் பற்றிக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். “கொஞ்சம் சமாளிச்சுக்கணும். மெழுகுவத்தி ஏத்திக்குங்க” என்றேன்.

அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மூன்றாவது ரொட்டி வரவில்லை. கேட்டதற்கு மாவு தீர்ந்துவிட்டது என்றார், எதிரில் ஆறு உருண்டை இருந்தது.

பிறகு செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தூரம் அளக்கும் கருவியால் கம்பியின் உயரத்தை அளந்தேன். கணக்குப் போட்டேன். எங்கள் கம்பியைக் கட்டினால் நடுவில் கோபுரம் இல்லாமல் முடியாது. மேல் சரிவு மழையில் இடிந்து கிடந்தது, கீழே ஓடை. சமதளம் இது ஒன்றுதான். கோபுரம் இங்கே வந்தால் வரிசை முழுவதும் காலியாக வேண்டும். வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தம், இருப்பவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள், எழுந்து போகச் சொன்னால் போகவேண்டியதுதான். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. தாஸ் முடியாது என்று சொன்னதை முடித்துக் காட்டுகிற ஆசைதான் முன்னால் நின்றது. பையிலிருந்த சிவப்புச் சாயத்தை எடுத்து, பிலோமினா அக்கா வீட்டுக்கு நேர் எதிரே தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் தாஸ் என்னைப் பிரிஞ்சாங் சந்தைக்குக் கூட்டிப் போனார். நான் தனியாகப் போனதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஸ்ட்ராபெர்ரி டப்பா ஒன்றை வாங்கி, “உங்க மகளுக்கு” என்று கையில் திணித்தார். பத்தடிக்கு ஒருவர் அவரை நிறுத்திப் பேசினார்கள். நான் இருபத்தைந்து வருடமாகக் குடியிருக்கிற தெருவில் எதிர்வீட்டுக்காரர் என்னை இன்னும் கீழ்வீட்டு வாடகைக்காரர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் காலை தோட்டத்துக்குள் வண்டி நுழைந்ததும் நின்றுவிட்டது. சாலையை மறித்துக்கொண்டு ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம். முன்னால் பிலோமினா அக்கா.

தாஸ் இறங்கினார். நான் கண்ணாடியை இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன். லைனை இடிக்கப் போகிறார்களாமே, ஊரிலிருந்து வந்த இஞ்சினியரே சொல்லிவிட்டாரே, தோட்ட ஆபீஸ் கிராணியிடம் கேட்டால் அவருக்கே தெரியவில்லையே, மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள் என்று கேலி வேறு செய்தாரே என்று ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். தாஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மேலே கையைக் காட்டினார். இந்த லைன் இல்லை, அந்த லைன் என்றார். கூட்டம் அண்ணாந்து பார்த்தது. யாரோ சிரிக்க, சிரிப்பு பரவியது. நானும் இறங்கி அசட்டுத்தனமாகச் சிரித்தேன். சொல் ஒன்று, பொருள் இரண்டு, அவ்வளவுதானே என்று எல்லோருக்கும் நிம்மதி.

பிலோமினா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து நின்றார்.

“சரி சார். கம்பிதான் மாத்துறீங்க. அப்புறம் ஏன் என் வீட்டு வாசல்ல செவப்புச் சாயம்?”

அவர் தப்பாகப் புரிந்துகொள்ளவே இல்லை. நான் அந்த லைனைச் சொல்லித்தான் இந்த லைனுக்குக் குறி வைத்திருந்தேன்.

“அளவு பாக்கத்தான்கா” என்றார் தாஸ், என்னைப் பார்க்காமல்.

என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். காப்பாற்றிவிட்டார், அதை எங்கே கொண்டு வைப்பது?

வண்டி கிளம்பிய பிறகு அவர் பேசினார். அவர் பிறந்ததே அந்த வரிசையின் நாலாவது வீட்டில். அதை மின்வாரியத்தாரிடம் ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது அங்கே ஆள் இருக்கிறது, வரைபடம் தப்பு என்று அவர் சொன்னால் எடுபடாது. “சொந்த லைனுக்காகப் பேசறேன்னுதான் நெனைப்பாங்க சார். நீங்க வெளியாளு. நீங்க சொன்னா எடுபடும்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு என்னிடமிருந்து ஒன்று வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. வழி முழுக்க அந்த இனிப்பைச் சப்பிக்கொண்டு வந்தேன்.

மதியம் கூட்டம். மின்வாரியத்தின் தலைமைப் பொறியாளர் புவான் ரோஹானா, மலாய்க்காரர், மெதுவாகப் பேசுகிறவர். புவான் என்றால் மலாயில் அம்மையார். இரண்டு கம்பிகளின் கணக்கும் எதிரில் இருந்தன. கார்பன் தண்டைக் கோணலாக மடக்கினால் உடையும், இங்கே கட்டிப் பழகிய ஆட்கள் குறைவு என்று நான் பட்டியல் போட்டேன். எல்லாம் உண்மையான குறைகள்தான். அவர் குறித்துக்கொண்டார். கூடுதல் கோபுரத்தோடு சேர்த்தாலும் எங்கள் கம்பி மலிவாக இருப்பதையும் கவனித்தார். மேசையில் தலைகள் என் பக்கம் ஆடத் தொடங்கின.

அப்போது அவர் வரைபடத்தில் விரலை வைத்துக் கேட்டார். “நேரில் போய்ப் பார்த்தவர் நீங்கள். காலி நிலம் என்று போட்டிருக்கிறது. காலிதானா?”

தாஸ் எதிரில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் வாயைத் திறந்திருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன், அது எனக்குப் பழக்கமானது. அவர் பேசவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆர்டர் எங்களுக்கு. ஆலையில் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால், இந்த மனிதர் என்னைவிட மேலானவர் என்பது ஆயுளுக்கும் உறுதியாகிவிடும். தினமும் பல் தேய்க்கும்போது நினைவுக்கு வரும். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. மனசாட்சி என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நடந்தது இதுதான்.

“காலி இல்லை. பதினோரு வீடுகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள்” என்றேன். வாயைத் திறந்தது திறந்துவிட்டேன் என்று மிச்சத்தையும் சொன்னேன். “அங்கே கோபுரம் போடாமல் எங்கள் கம்பியைக் கட்ட முடியாது.”

புவான் ரோஹானா வரைபடத்தில் ‘காலி’ என்ற சொல்லை அடித்துவிட்டு, மலாயில் ஏதோ எழுதினார். கார்பன் தண்டுக் கம்பியைப் பற்றி அடுத்த ஒரு மணி நேரம் பேசினார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆலைக்குப் போன் செய்தேன். மேலாளர், வந்து பேசிக்கொள்ளலாம் என்றார்.

நாலாம் நாள் காலை மலை இறங்கும் வழியில் தாஸ் லைனில் வண்டியை நிறுத்தினார். செய்தி எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. வரிசையே வாசலுக்கு வந்து நின்றது. பிலோமினா அக்கா வாழை இலையில் மடித்த இரண்டு நாசி லெமாக் பொட்டலங்களோடு வந்தார். தேங்காய்ப்பால் சோற்றின் மணம் இலையை மீறிக்கொண்டு வந்தது. தாஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீ மட்டும் இல்லேன்னா இந்த ஊர்க்காரரு எங்க லைன எடுத்திருப்பாரு.”

அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தாஸ் சொன்னார். “இல்லக்கா. இங்க வீடு இருக்குன்னு சொன்னதே சார்தான். நான் வாயே தொறக்கல.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

“பாத்தீங்களா, தான் செஞ்சத இப்பக்கூட அடுத்தவங்க செஞ்சதா சொல்லுது இந்தப் புள்ள. இந்த மனசு யாருக்கு லா வரும்?”

எல்லோரும் தலையாட்டினார்கள். தாஸ் மறுபடி மறுத்தார். மறுக்க மறுக்க அவர் மேல் அவர்களுக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. போதும், கிளம்பலாம் என்று நான்தான் அவரை இழுத்துக்கொண்டு வந்தேன்.

நாலைந்து வளைவு தாண்டி ஒரு மேட்டில் நிறுத்திப் பொட்டலங்களைப் பிரித்தோம். இரண்டிலும் சோறு, வறுத்த நெத்திலி, கடலை, மிளகாய் அரைத்த சம்பல். அவருடையதில் மேலே ஒரு பொரித்த முட்டை. என்னுடையதில் முட்டை இல்லை.

தாஸ் இரண்டு இலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் முட்டையில் பாதியைப் பிய்த்து என் சோற்றின் மேல் வைத்தார். அதையும் பொறுத்துக்கொண்டு சாப்பிட்டேன்.